கால் கட்டைவிரலைக் கொடுத்துக் கை கட்டைவிரலை வாங்கினால் லாபமா?

வலங்கைமான் | ஜூன் 9, இரவு 9.20

வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் வலது கை கட்டைவிரல் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். காலில் ஒரு கட்டைவிரல் சும்மாத்தானே கிடக்கிறது, அதை எடுத்துக் கையில் வைத்தால் என்ன? என் கட்சி: நூற்றுக்கு நூறு லாபம். கை கட்டைவிரல் இல்லாமல் சோற்றைப் பிசைந்து உருட்ட முடியாது, கால் விரல் இல்லாமல் நடந்துவிடலாம். மறுப்பவர்கள் கணக்கோடு வரவும். விதி ஒன்றுதான்: அடுத்தவர் உறுப்பு கிடையாது. தன் உடம்பில் எடுத்துத் தன் உடம்பிலேயே வைக்கணும்.

சாக்கோட்டை | ஜூன் 9, இரவு 11.05

"சும்மா கிடக்கிறது" என்ற இடத்திலேயே கணக்கு இடிக்கிறது. அடி எடுத்து வைக்கும்போது உடம்பை முன்னே தள்ளும் கடைசி உந்தல் கால் கட்டைவிரல் வழியாகத்தான் போகிறது. செருப்போடு சிமெண்டுத் தரையில் நடப்பவருக்கு அது இல்லாத குறை பெரிதாகத் தெரியாது. ஈர வரப்பில் வெறுங்காலோடு, தலையில் நாற்றுக்கட்டோடு போகிறவருக்குத் தெரியும். வழுக்கும் களிமண்ணில் ஊன்றிப் பிடிப்பது அந்த விரல்தான்.

இது கற்பனையும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆஸ்திரியாவில் நிக்கோலடோனி என்ற அறுவைக்காரர் செய்திருக்கிறார். அப்போது மெல்லிய ரத்தக்குழாயைத் தைக்கும் வித்தை கிடையாது. அதனால் நோயாளியின் கையைக் காலோடு சேர்த்துத் தைத்து, வாரக்கணக்கில் அப்படியே குனிந்து கிடக்கவிட்டு, கையிலிருந்து ரத்தம் பாயத் தொடங்கிய பிறகு விரலைக் காலிலிருந்து வெட்டினார்கள். நுண்ணோக்கி வைத்து மெல்லிய குழாயைத் தைக்கும் வித்தை வந்தது 1960களில். அமெரிக்காவில் பங்கி என்ற மருத்துவர் குரங்குகளில் செய்து காட்டினார். 1966இல் சீனாவில் கால் இரண்டாம் விரலைக் கைக்கு மாற்றினார்கள். 1968இல் இங்கிலாந்தில் காபெட் கால் கட்டைவிரலையே கை கட்டைவிரலாக வைத்தார்.

கவனிக்க, இங்கே இரண்டு கடை இருக்கிறது. கட்டைவிரல் ஒன்று, அதற்குப் பக்கத்து விரல் ஒன்று. எதை எடுப்பது என்பதில்தான் சண்டையே. நாளை எழுதுகிறேன்.

நரசிங்கம்பேட்டை | ஜூன் 10, காலை 6.50

நாதஸ்வரக்காரருக்கு இந்தச் சண்டையே வேண்டாம். விரல் துளை 7. மேல் கைக்கு 3, கீழ்க் கைக்கு 4. அதற்குக் கீழே இருக்கிற 5 துளையும் மெழுகு வைத்துச் சுருதி சரிசெய்ய மட்டும். கட்டைவிரலுக்குத் துளை கிடையாது, தாங்கிப் பிடித்தால் போதும்.

சாக்கோட்டை | ஜூன் 10, இரவு 10.30

நரசிங்கம்பேட்டை சொன்னது முக்கியமான விஷயம், அதைப் பிடித்துக்கொண்டே போகலாம். தாங்குவது வேறு, கிள்ளுவது வேறு, இறுக்கிப் பிடிப்பது வேறு. கையின் வேலையில் 40 சதவீதம் கட்டைவிரலுடையது என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். அது இழப்பீடு கணக்கிடப் பயன்படும் சராசரி. ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை அது மாறும்.

முதலில் எவ்வளவு போயிருக்கிறது என்று பாருங்கள். நகம் இருக்கும் துண்டு மட்டும் போயிருந்தால் கால் பக்கமே திரும்ப வேண்டாம். மூட்டுக்குக் கீழே அரைத்துண்டு மிச்சம் இருந்தாலும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள கவட்டைத் தோலை ஆழப்படுத்தினால் மிச்சமிருக்கும் துண்டே நீளமாக வேலை செய்யும். இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தால் உள்ளங்கை எலும்பை அறுத்து, வெளியே சட்டம் மாட்டி, நாளுக்கு 1 மி.மீ. வீதம் திருகித் திருகி நீட்டலாம். நாதஸ்வரத்தைத் தாங்க அதுவே போதும். முழு விரலும் வேரோடு போனவருக்குத்தான் கால் விரல் பேச்சு.

கால் கட்டைவிரலை எடுத்தால்: பலம் கிடைக்கும். மண்வெட்டிக் காம்பை இறுக்கிப் பிடிக்கலாம், அண்டை வெட்டலாம். நகமும் அகலமாகக் கை விரல் போலவே இருக்கும். ஆனால் கை விரலைவிடப் பருமன். அதற்காகத்தான் எலும்பையும் தோலையும் பக்கவாட்டில் செதுக்கி மெலியவைத்து எடுக்கும் முறை 1980களில் வந்தது. செதுக்கினால் மூட்டு கொஞ்சம் விறைக்கும்.

இரண்டாம் விரலை எடுத்தால்: காலுக்குச் சேதம் குறைவு. இடைவெளியை மூடித் தைத்துவிட்டால் செருப்பு போட்ட பிறகு பார்ப்பவருக்கே தெரியாது. ஆனால் அது மெலிசு, அதில் மூன்று எலும்பு, இரண்டு மூட்டு. கொக்கி மாதிரி வளைந்துகொள்ளும் குணம் உண்டு. மாதக்கணக்கில் ராத்திரி பட்டை கட்டி நிமிர்த்தி வைக்கணும். நாற்றைப் பிரித்து இரண்டு மூன்றாக நடுவதற்கு இது தாராளம். மண்வெட்டிக்குக் கொஞ்சம் தள்ளாடும்.

ஆக, நடவுக்குப் போகிறவர் கட்டைவிரலைக் காலிலேயே வைத்துக்கொண்டு பக்கத்து விரலைக் கொடுப்பது புத்திசாலித்தனம். சேற்றில் ஊன்றும் விரலும் மிச்சம், கிள்ளும் விரலும் கிடைத்தது.

பாபநாசம் | ஜூன் 10, இரவு 11.15

நடவு நடுவது பெண்கள். மெட்டி போடுவது அந்த இரண்டாம் விரலில்தான். விரலைக் கைக்கு மாற்றிவிட்டால் மெட்டியை எங்கே போடுவது?

வலங்கைமான் | ஜூன் 10, இரவு 11.18

கையிலேயே போட்டுக்கட்டும். மோதிரச் செலவு மிச்சம்.

சாக்கோட்டை | ஜூன் 11, காலை 7.10

சிரிக்கலாம், ஆனால் மாற்றிய விரலில் மெட்டியோ மோதிரமோ எதுவும் போடக்கூடாது. வீக்கம் மாதக்கணக்கில் ஏறி இறங்கும். இறுகிய வளையம் ரத்தம் திரும்பும் வழியை அடைக்கும். அதோடு குளிர் தாங்காது. மார்கழி விடியலில் சம்பா வயல் தண்ணீரில் கை வைத்தால் விரல் வெளுத்து வலிக்கும். நாளாக நாளாகக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்துகொண்டே இருக்கும்.

மெட்டிக்கு மறுகாலில் ஒரு விரல் இருக்கவே இருக்கிறது. கேட்டால் கிண்டலாகப் படும், ஆனால் பெண்களிடம் அறுவைக்கு முன்னால் இதைப் பேசித்தான் ஆகணும். கட்டைவிரலைக் கொடுக்கிறேன், அந்த விரலைத் தொடாதீர்கள் என்று சொல்கிறவர் இருந்தால் அதுவும் அவர் கணக்கில் ஒரு வரவு செலவுதான்.

ஒரத்தநாடு | ஜூன் 12, மாலை 5.40

மேட்டூர் திறக்கும் நாளில் எல்லோரும் மதகைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் வார்டுப் பக்கம் இருந்து சில வரிகள். விரலை வைத்துத் தைப்பதோடு வேலை முடிவதில்லை, பாதி வேலை அதற்குப் பிறகுதான்.

அறுவையில் வரிசை இது: முதலில் எலும்பைக் கம்பி போட்டு இணைப்பது, பிறகு விரலை நீட்டும் தசைநாண் கயிறும் மடக்கும் கயிறும், பிறகு நுண்ணோக்கியின் கீழ் தமனி, சிரை, உணர்வு நரம்பு. தமனியின் குறுக்களவு 1 மி.மீ. முதல் 2 மி.மீ. வரை. தைக்கும் நூல் தலைமுடியைவிடப் பல மடங்கு மெலிசு. 6 முதல் 10 மணி நேரம் ஆகும்.

வெளியே வந்த பிறகு முதல் 48 மணி நேரம், மணிக்கு ஒருமுறை விரலைப் பார்க்கணும். வெளுத்து, குளிர்ந்து, அழுத்தினால் நிறம் திரும்பாமல் இருந்தால் ரத்தம் உள்ளே போகவில்லை. நீலம் பாரித்து, அழுத்தி விட்டதும் சட்டென்று கருஞ்சிவப்பு நிரம்பினால் ரத்தம் வெளியே வர வழியில்லை. இரண்டுக்கும் காத்திருக்கக்கூடாது, உடனே மறுபடி அறுவை அறைக்கு. அறை சூடாக இருக்கணும், ஏசி கூடாது. பீடி, சிகரெட், புகையிலை அறவே கூடாது. பார்க்க வருகிறவர் பக்கத்தில் நின்று ஊதுவதும் கூடாது. நிக்கோட்டின் குழாயைச் சுருக்கிவிடும். அறுவைக்குச் சில வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும்.

இன்னொன்று. சர்க்கரை நோயாளிக்கு இந்தப் பேரம் பெரும்பாலும் படியாது. கையில் போய் உட்கார்ந்த விரல் பிழைத்துக்கொள்ளும், எடுத்த காலில் புண் ஆறாது. முன்னாடியே பாதத்தில் நாடி தட்டுப்படுகிறதா, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

திருத்துறைப்பூண்டி | ஜூன் 12, இரவு 8.00

நீலம் பாரித்தால் அட்டை விடுவார்கள் என்று கேள்வி. வயலில் காலைச் சுற்றி அட்டைதான். ஒரு டப்பாவில் பிடித்துக்கொண்டு போனால் செலவு மிச்சமா?

ஒரத்தநாடு | ஜூன் 12, இரவு 9.25

அட்டை விடுவது உண்மை. சிரை அடைபட்ட விரலில் தேங்கிய ரத்தத்தை உறிஞ்சும். அதைவிட முக்கியம், அதன் எச்சிலில் ரத்தம் உறையவிடாத ஹிருடின் இருக்கிறது. அட்டை வயிறு நிறைந்து விழுந்த பிறகும் கடித்த இடம் மணிக்கணக்கில் கசியும். புது சிரைகள் வழி பிடிக்கும் வரை சில நாள் அந்தக் கசிவுதான் விரலைக் காப்பாற்றும்.

வயல் அட்டை கூடாது. அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் என்ற கிருமி வாழ்கிறது, அது ரத்தத்தில் ஏறினால் விரலோடு கையும் போகும். இதற்கென்றே வளர்த்த அட்டைக்கே ஆன்டிபயாடிக் மூடாக்குப் போட்டுத்தான் விடுவார்கள். ஒருவர் மேல் விட்டதை மறுபடி யாருக்கும் விடமாட்டார்கள், ஆல்கஹாலில் போட்டுக் கொன்றுவிடுவார்கள். கசிந்துகொண்டே இருப்பதால் ஹீமோகுளோபின் இறங்கும், தினம் பார்க்கணும், சிலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். அட்டை அந்த விரலைக் கடிக்கவே மறுத்தால், தமனியும் அடைத்துவிட்டதோ என்று சந்தேகப்படணும். ரத்தம் இல்லாத இடத்தில் அதற்கு என்ன வேலை.

சாக்கோட்டை | ஜூன் 13, காலை 6.30

கால் விரலைப் பற்றிப் பேசிப் பேசி, போன விரலையே மறந்துவிட்டோம். அது கிடைத்தால் அதைத்தான் முதலில் வைக்கணும். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்கவும். கயிறு கட்ட வேண்டாம். துண்டான விரலைச் சுத்தமான தண்ணீரில் லேசாக அலசி, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைக்கவும். விரல் நேராக ஐஸைத் தொட்டால் உறைந்து செத்துவிடும். பாலில் போடுவது, மஞ்சள் தடவுவது எல்லாம் வேண்டாம்.

விரலில் தசை கிடையாது, அதனால் தாங்கும். குளிர்ச்சியில் வைத்தால் 24 மணி நேரம் வரை நேரம் உண்டு, வைக்காவிட்டால் 12. முழங்கைக்கு அருகே துண்டானால் தசை இருக்கிறது. குளிர்ச்சியில் வைக்காமல் 6 மணி நேரம் தாண்டினால் கஷ்டம்.

அரிவாள் வெட்டு நேராக இருக்கும், ஒட்டும். வலங்கைமான் சொன்ன வைக்கோல் இயந்திரம் வெட்டுவதில்லை, சுற்றிப் பிய்க்கும். நரம்பும் ரத்தக்குழாயும் உள்ளே நீளத்துக்கு இழுபட்டுக் கிழிந்திருக்கும். பிய்ந்த விரலின் பக்கவாட்டில் சிவப்புக் கோடு ஓடினால் குழாய் முழுக்கச் சேதம் என்று அர்த்தம். அந்த மாதிரி கேஸ்தான் கடைசியில் கால் விரலில் வந்து நிற்கிறது.

நரசிங்கம்பேட்டை | ஜூன் 15, மதியம் 2.10

காலை விடுங்கள். கையிலேயே 4 விரல் இருக்கிறதே, ஆள்காட்டி விரலை நகர்த்திக் கட்டைவிரல் ஆக்கினால்?

சாக்கோட்டை | ஜூன் 15, இரவு 10.50

செய்கிறார்கள். கட்டைவிரலே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு இதுதான் முதல் வழி, பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டிச் செய்வார்கள். விரலைச் சும்மா நகர்த்தினால் அது இன்னொரு விரலாகத்தான் இருக்கும். உள்ளங்கை எலும்பின் நடுப்பகுதியை எடுத்துக் குட்டையாக்கி, விரலை அதன் அச்சிலேயே 120 பாகைக்கு மேல் திருப்பி, மற்ற விரல்களைப் பார்க்கும்படி நிறுத்தணும். பழைய விரல் மூட்டு இப்போது கட்டைவிரலின் அடி மூட்டு. அதன் குட்டித் தசைகளையும் புது இடத்தில் கட்டணும். திருப்புவது குறைந்தால் கத்தரிக்கோல் மாதிரி பக்கவாட்டில் மட்டும் பிடிக்கும். குழந்தையாக இருக்கும்போது செய்தால் மூளை அதைக் கட்டைவிரல் என்றே பதிந்துகொள்ளும்.

நாதஸ்வரத்துக்கே கணக்குப் போடுவோம். மேல் கையில் செய்தால் நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மிச்சம். 3 துளைக்கு 3 விரல், எண்ணிக்கை சரி. சுண்டுவிரலுக்கு எட்டுமா என்பதுதான் கேள்வி, துளைக்குத் துளை தூரம் அதிகம். கீழ்க் கையில் செய்தால் 4 துளைக்கு 3 விரல். அந்தக் கைக்கு இந்தப் பேச்சே எடுக்க வேண்டாம், கவட்டையை ஆழப்படுத்தித் தாங்கவிடுங்கள். தவிலுக்கு வேறு கணக்கு: தொப்பிப் பக்கம் குச்சி பிடிக்கும் கைக்குக் கட்டைவிரல் இல்லாமல் முடியாது.

பாபநாசம் | ஜூன் 16, காலை 8.15

விரலை விட்டு வெளியே வாருங்கள். பைக்கில் விழுந்து தோள்பட்டை நரம்பு அறுந்த பையன்கள் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். கை தொங்கிக் கிடக்கும். அதற்கு என்ன மாற்று?

சாக்கோட்டை | ஜூன் 18, இரவு 11.40

எனக்குப் பிடித்த பேரம் இதுதான், ஆகவே நீளமாக எழுதுகிறேன்.

விழும்போது தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் இழுபட்டு, கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புக்கற்றை முதுகுத்தண்டிலிருந்தே பிடுங்கப்பட்டுவிடும். பிடுங்கியதைத் திரும்ப நட முடியாது. அதனால் வேறு வேலை செய்துகொண்டிருக்கும் நரம்பு ஒன்றைக் கடன் வாங்கி, முழங்கையை மடக்கும் தசைக்கு இணைக்கிறார்கள். அடிக்கடி எடுப்பது விலா இடுக்கு நரம்புகள். 3, 4, 5 ஆகிய விலாக்களின் கீழ் ஓடும் நரம்பை முன்னே உரித்து அக்குள் வழியாகக் கொண்டுவந்து தைப்பார்கள்.

இப்போது மூச்சுக்கு இருந்த நரம்பு கைக்கு வந்துவிட்டது. நரம்பு வளர்வது நாளுக்கு 1 மி.மீ. அளவில். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காது. பிறகு ஒருநாள் ஆழமாக மூச்சிழுத்தால் தசை துடிக்கும். அதற்கப்புறம் மூச்சை இழுத்து நிறுத்தினால்தான் கை மடங்கும். இருமினால் மடங்கும். தும்மினால் டம்ளர் தூக்கி எறியப்படும். பயிற்சியும் அதுதான்: மூச்சை இழு, மடக்கு, பிடி. ஒன்றரை இரண்டு வருடத்தில் மூளை இரண்டையும் பிரித்துக்கொள்ளும், மூச்சை நினைக்காமலே மடக்கலாம். முழுக்கப் பிரியாதவர்களும் உண்டு.

அதனால் நாதஸ்வரக்காரர் ஒருவருக்கு இந்தக் கடன் கொடுக்கவே கூடாது. ஊதுகிறவருக்கு மூச்சுதான் மூலதனம். கழுத்து நரம்பில் மேல் பாதி மட்டும் போய் விரல்கள் அசைகிறவராக இருந்தால் பிரெஞ்சு மருத்துவர் ஓபர்லின் 1994இல் சொன்ன வழி இருக்கிறது. சுண்டுவிரல் பக்கத்து நரம்பிலிருந்து ஓரிரு இழைகளை மட்டும் பிரித்து, பக்கத்திலேயே ஓடும் மடக்கு தசையின் கிளையில் தைப்பது. தூரம் சில செ.மீ. மட்டுமே. விலா நரம்பைவிடச் சீக்கிரம், சில மாதத்திலேயே அசைவு வரும். பிடியில் பலம் கொஞ்சமும் குறைந்ததாகப் பெரும்பாலோருக்குத் தெரியாது. விரலும் சேர்ந்து செத்திருந்தால் இந்த வழி கிடையாது, கடன் வாங்க அங்கே ஒன்றுமில்லை.

காலக்கெடு மட்டும் ஞாபகம் வைக்கவும். நரம்பு வராத தசை ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் பயனற்றுப்போகும். "தானாகச் சரியாகும்" என்று எண்ணெய் போட்டு நீவிக்கொண்டே ஆறு மாதத்தைக் கடத்துகிறவர்கள்தான் அதிகம். மூன்று மாதத்தில் அசைவு திரும்பாவிட்டால் நுண் அறுவை செய்யும் இடத்துக்குப் போய்விடணும்.

வலங்கைமான் | ஜூன் 19, காலை 9.00

தும்மினால் டம்ளர் பறக்கும் என்பதற்காகவே இந்த இழையைத் தொடங்கியது வீண்போகவில்லை.

திருத்துறைப்பூண்டி | ஜூன் 21, மாலை 6.30

பல்லை எடுத்துக் கண்ணில் வைப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். இது கட்டுக்கதைதானே?

ஒரத்தநாடு | ஜூன் 21, இரவு 10.10

கட்டுக்கதை இல்லை. இத்தாலியில் ஸ்ட்ராம்பெல்லி 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது, சென்னையிலும் செய்கிறார்கள். கருவிழி முழுக்க வெந்து, கண்ணீரும் வற்றிப்போனவருக்கு மட்டும். அவருக்குத் தானமாக வந்த கருவிழி ஒட்டாது, காய்ந்து கலங்கிவிடும்.

ஒற்றை வேர் இருக்கிற கோரைப்பல்லைச் சுற்றியுள்ள தாடை எலும்போடு அறுத்தெடுத்து, நெடுக்காகச் சீவி மெல்லிய பலகையாக்கி, நடுவில் துளை போட்டு, அதில் அக்ரிலிக் குழாய் ஒன்றைப் பசை வைத்துப் பொருத்துவார்கள். அந்தக் குழாய்தான் இனி பார்வைக்கு ஜன்னல். பலகையைக் கன்னத்திலோ கண்ணுக்குக் கீழோ தோலுக்குள் புதைத்து இரண்டு மூன்று மாதம் சதை பிடிக்கவிடுவார்கள். கண்ணின் மேல் கன்னத்து உள்தோலை எடுத்துப் போர்த்துவார்கள். இரண்டாம் கட்டத்தில் பலகையைத் தோண்டியெடுத்துக் கண்ணில் பதித்து, போர்வையில் துளை போட்டுக் குழாயை வெளியே விடுவார்கள். பிளாஸ்டிக்கை நேராகக் கண்ணில் வைத்தால் உடம்பு தள்ளிவிடும். தன் பல் என்றால் தள்ளாது, பிளாஸ்டிக்கும் பல்லை விடாது.

கொடுப்பது ஒரு பல். வாங்குவது, பின்பக்கம் விழித்திரை நன்றாக இருந்தால், எழுத்தைப் படிக்கும் பார்வை. ஆனால் பக்கவாட்டுப் பார்வை குறுகும். கண் இளஞ்சிவப்பாக, பார்க்கப் பழகாத மாதிரி இருக்கும். கண் நீரழுத்தம் ஏறினால் கருவியால் அளக்க முடியாது, விரலால் அழுத்தித்தான் ஊகிக்கணும்.

இங்கே இதைச் சொல்லக் காரணம் சுண்ணாம்பு. வெற்றிலைக்கு வாங்கி வைக்கும் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தை அமுக்கினால் நேராகக் கண்ணில் பீய்ச்சும். அமிலத்தைவிடக் காரம் மோசம், நிற்காமல் உள்ளே இறங்கிக்கொண்டே போகும். உடனே இமையைப் பிரித்து, ஒட்டியிருக்கும் துகளை ஈரத்துணி முனையால் எடுத்துவிட்டு, அரைமணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவணும். கழுவிய பிறகுதான் ஆட்டோ.

பாபநாசம் | ஜூன் 22, காலை 7.45

வெற்றிலை என்றதும் தாடை. புகையிலை வைத்து மென்று தாடை எலும்பில் புற்று வந்து வெட்டியெடுத்தால் எதை வைப்பது? முழங்காலுக்குக் கீழே மெலிசாக ஓடும் வெளி எலும்பை என்கிறார்கள்.

சாக்கோட்டை | ஜூன் 23, இரவு 9.50

ஆமாம், ஃபிபுலா. உடம்பின் எடையில் பெரும்பங்கைப் பக்கத்துப் பெரிய எலும்பு தாங்குகிறது, அதனால் இதன் நடுப்பகுதியைக் கழற்றலாம். கணுக்காலுக்கு மேல் 6 முதல் 8 செ.மீ. விட்டுவிடணும், இல்லாவிட்டால் கணுக்கால் ஆடும். மேலேயும் விடணும், பாதத்தைத் தூக்கும் நரம்பு அங்கே எலும்பைச் சுற்றி வருகிறது. எடுத்த நேரான எலும்பை ஆப்பு ஆப்பாக வெட்டித் தாடை வளைவுக்கு மடக்கித் தகட்டில் திருகு போடுவார்கள். பிறகு அதில் பல்லும் நடலாம்.

இந்த இழைக்குப் பொருத்தமான வேடிக்கை: கால் கட்டைவிரலை மடக்கும் தசை அந்த எலும்பில்தான் ஒட்டியிருக்கிறது. தாடைக்குக் கொடுத்த பிறகு கட்டைவிரல் பலம் குறையும், சிலருக்கு மடங்கியே நின்றுவிடும். தினம் கையால் நீவி நிமிர்த்தணும்.

எலும்பு வேண்டாம், வாய்க்குள் ஓட்டையை மூடினால் போதும் என்றால் மார்புத் தசையோடு தோலைத் திருப்பிப் போடுவார்கள். ஆண்களுக்கு வாய்க்குள் நெஞ்சு முடி முளைக்கும். கதிர்வீச்சு கொடுத்தால் பெரும்பாலும் கொட்டிவிடும். கொடுக்காதவர் கத்தரிக்கணும்.

திருத்துறைப்பூண்டி | ஜூன் 23, இரவு 9.58

சாப்பிட்டுக்கொண்டே படித்தேன்.

ஒரத்தநாடு | ஜூலை 2, இரவு 8.20

சாப்பிட்டாயிற்று என்றால் குடலுக்கு வருவோம். புற்று வந்து சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டால், சிறுகுடலில் அரை மீட்டர் அளவு வெட்டி, நீளமாகப் பிளந்து, மடித்துத் தைத்துப் பை ஆக்குகிறார்கள். பெருங்குடலோடு சேரும் கடைசி 15, 20 செ.மீ.யைத் தொடமாட்டார்கள், வைட்டமின் பி12 உறிஞ்சும் இடம் அது. அப்படியும் வருடாவருடம் பி12 பார்க்கணும்.

குடல் தன் பழக்கத்தை விடாது. சளி சுரக்கும், அது அடைத்துக்கொள்ளும். ஆரம்பத்தில் குழாய் வழியாக உப்புநீர் விட்டுக் கழுவணும். சிறுநீரிலிருந்து அமிலத்தைத் திரும்ப உறிஞ்சும். களைப்பும் பசியின்மையும் வந்தால் ரத்தத்தில் பைகார்பனேட் பார்த்து சோடா மாத்திரை கொடுப்பார்கள். முக்கியமாக, நிரம்பியது தெரியாது. முட்டும் உணர்ச்சி பழைய பையோடு போயிற்று. அதனால் முறைவைத்துப் பாய்ச்சுவதுதான்: முதலில் 2 மணிக்கு ஒருமுறை, பழகப் பழக 3, பிறகு 4. ராத்திரியும் அலாரம் வைத்து எழுந்து, உட்கார்ந்து வயிற்றை முக்கிக் காலி செய்யணும். தூங்கிப்போனால் வரப்பு உடையும்.

சாக்கோட்டை | ஜூலை 14, இரவு 10.00

கை கால் பக்கம் திரும்பி ஒன்று. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், வேலூரில் 1940களின் கடைசியில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார். மணிக்கட்டைத் தூக்க ஒன்றுக்கு மேற்பட்ட தசை இருக்கிறது. அதில் ஒன்றைப் பிரித்து, நாலு வால் வைத்து நீட்டி, நாலு விரலுக்கும் கட்டினார். நீட்டுவதற்கான கயிறு இன்னொரு இடத்திலிருந்து வரும்.

அது எங்கே என்று இப்போதே பார்க்கலாம். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் தொடவைத்து, மணிக்கட்டை லேசாக உள்ளே மடக்குங்கள். நடுவில் ஒரு கயிறு புடைத்தால் அதுதான். பலருக்கு ஒரு கையிலோ இரண்டிலுமோ அது இருக்காது, இல்லாமலே வாழ்க்கை நடக்கும். கொடுப்பதற்கென்றே படைத்த மாதிரி ஒன்று.

இந்த வகை மாற்றத்தில் விதிகள் கறார். தசை இடம் மாறினால் பலத்தில் ஒரு படி குறையும், ஆகவே முழுப் பலம் உள்ளதை மட்டும் எடுக்கணும். ஒரு தசைக்கு ஒரு வேலைதான். விறைத்த மூட்டை எந்தத் தசையும் அசைக்காது, அறுவைக்கு முன்பே மெழுகு ஒத்தடமும் பயிற்சியும் கொடுத்து இளக்கணும்.

வலங்கைமான் | ஜூலை 15, காலை 6.40

பார்த்தேன். இடது கையில் இருக்கிறது, வலது கையில் இல்லை. யாரோ ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள்.

நீடாமங்கலம் | ஜூலை 20, மாலை 4.30

முழங்காலில் எலும்புப் புற்று வந்த பிள்ளைகளுக்குப் பாதத்தைப் பின்னோக்கித் திருப்பிவைப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லையே?

சாக்கோட்டை | ஜூலை 20, இரவு 11.20

முழங்காலோடு புற்றை வெட்டியெடுத்து, கீழ்க்காலை 180 பாகை திருப்பித் தொடையில் வைப்பது. கணுக்கால் இனி முழங்கால். பாதம் செயற்கைக் காலுக்குள் நுழைந்து அதை ஆட்டும். நிமிர்த்துவது பழைய குதிகால் தூக்கும் தசை. தொடையோடு வெட்டியவருக்குக் கிடைக்காத ஓட்டம் இவருக்குக் கிடைக்கும், துண்டு முனை வலியும் குறைவு. விலை கண்ணாடியில் தெரிவது. பெற்றவர்கள் இதைப் பார்த்ததும் வேண்டாம் என்பார்கள். ஏற்கெனவே செய்துகொண்ட பிள்ளை ஒன்று ஓடுவதைப் பார்த்த பிறகு யோசிப்பார்கள்.

வயலுக்கு? உழுத சேறு செயற்கைக் காலை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், தூக்கினால் கால் வரும், கட்டை வராது. இடுப்பு வார் வேண்டும். ஜெய்ப்பூர் பாதம் ரப்பரில் வார்த்தது, செருப்பில்லாமல் ஈரத்தில் நடக்கவே செய்தது. ஆனாலும் நடவுக்குப் பதில் வரப்பு வேலை நல்லது.

வலங்கைமான் | ஆகஸ்ட் 1, இரவு 9.10

சரி, என் இயந்திரக் கதைக்கே தீர்ப்பு சொல்லுங்கள். டிராக்டர் ஓட்டுகிற ஆள். எந்தக் காலில் எடுப்பது?

சாக்கோட்டை | ஆகஸ்ட் 1, இரவு 10.45

இடது. கிளட்சைப் பாதத்தின் நடுவால் மிதிக்கலாம். ஆக்சிலேட்டரை மெல்ல விட்டுக்கொடுக்க வலது கட்டைவிரல் இருக்கட்டும். எடுத்தாலும் உள்ளங்கால் எலும்பின் உருண்டைத் தலையை விட்டுவிடச் சொல்லவும். அதையும் எடுத்தால் எடை பக்கத்தில் ஏறி ஆணி விழும். ஒரு காலில் தமனி மேலாக ஓடாமல் ஆழத்தில் போகலாம், அதனால் இரண்டு காலையும் கழுவித் தயாராக வைத்துத்தான் தொடங்குவார்கள். எந்தக் கால் என்ற கடைசி முடிவு அறுவைக்காரருடையது.

திருத்துறைப்பூண்டி | ஆகஸ்ட் 2, காலை 7.05

தென்னை ஏறுகிறவர் என்றால்?

சாக்கோட்டை | ஆகஸ்ட் 2, காலை 7.30

காலைத் தொடவே கூடாது. மரத்தை இரண்டு பாதத்தாலும் கவ்வித்தான் ஏறுகிறார், இரண்டு கட்டைவிரலும் வேண்டும். ஆள்காட்டி விரலை நகர்த்துங்கள். மூன்று விரலும் ஒரு கட்டைவிரலும் இருந்தால் அரிவாள் பிடிக்கலாம்.